பூமியதிர்ச்சி அலைகள் பூமியின் உட்படைகளை எவ்வாறு கடக்கின்றன? எஸ் அலை மறுபக்கத்துக்கு வராதது ஏன்?

2012 ஏப்ரல் 11ஆம் திகதி பிற்பகல் இரண்டே கால் மணியளவில், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் நான்காம் மாடி வீட்டில் தொங்குவிளக்கு மெல்ல ஆடத் தொடங்கியது. மேசையில் இருந்த செம்புத் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது. சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் நிகழ்ந்த, 8.6 அளவுடைய அதிர்ச்சி அது. எங்களை ஆட்டியவை பெரும்பாலும் நிலத்தின் மேற்புறத்தை ஒட்டி மெதுவாக வரும் மேற்பரப்பலைகள். நீங்கள் கேட்கும் அலைகள், அதாவது பூமிக்குள் இறங்கி வருபவை, அதற்குச் சில நிமிடங்கள் முன்பே கொழும்பைக் கடந்துவிட்டன.

அவற்றுள் முந்தி வரும் பி அலை, ஒலியைப் போலப் பாறையை நெருக்கியும் தளர்த்தியும் முன்னேறும். பிந்தி வரும் எஸ் அலை பாறையைக் குறுக்காக அசைத்துச் செல்லும். புவியோட்டில் செக்கனுக்கு ஏறத்தாழ 6 கிலோமீற்றர் ஓடும் பி அலை, ஓட்டுக்குக் கீழுள்ள தடித்த பாறைப் படையான மென்மூடியின் அடியில் 13 கிலோமீற்றரைத் தாண்டுகிறது. அடர்த்தி கூடுவதால்தான் வேகம் கூடுகிறது என்று பலர் எழுதுகிறார்கள், அது பிழை. அடர்த்தி மட்டும் கூடினால் அலை தாமதிக்கவே செய்யும். அழுத்தத்தினால் பாறையின் விறைப்பு அடர்த்தியைவிட விரைவாகக் கூடுவதே உண்மைக் காரணம். வேகம் இவ்வாறு ஆழத்தோடு மாறுவதால், அலையின் பாதையும் நேர்கோடாக அமையாமல், கீழிறங்கி வளைந்து மேலேறும் வில்லாகிறது.

ஏறத்தாழ 2,890 கிலோமீற்றர் ஆழத்தில் திரவ இரும்பாலான வெளி அகணி, அதாவது பூமியின் மையப் பகுதியின் வெளிப்படை, தொடங்குகிறது. குறுக்காக நெளிக்கப்பட்ட பாறை தன் பழைய வடிவுக்கு மீள முயலும். திரவத்துக்கு அந்த மீளும் தன்மை இல்லை. (செம்புத் தண்ணீரை மீட்டது புவியீர்ப்பே.) ஆகவே எஸ் அலை அங்கேயே நின்றுவிடுகிறது. பி அலை உள்ளே நுழைந்தாலும் வேகம் 8 கிலோமீற்றராகக் குறைய, உட்புறமாக முறிகிறது, அதாவது திசை திரும்புகிறது. அதனால் அதிர்ச்சி மையத்திலிருந்து (பூமியின் நடுவில் அளக்கும் கோணமாக) ஏறத்தாழ 104 பாகை முதல் 140 பாகை வரை நேரடி பி அலை சேராத நிழல் வலயம் உண்டாகிறது. அந்த நிழலுக்குள்ளும் மெலிந்த பி அலைகள் பதிவாகியிருந்ததை ஆராய்ந்தே, டென்மார்க்கின் இங்கே லேமன் 1936இல் வெளி அகணிக்குள் இன்னொரு படையாக உள் அகணி இருப்பதை அறிவித்தார். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுவே.

சுமாத்திராவின் அலைகள் எங்களை வந்தடைய அகணியைத் தொடுவதில்லை. பெருவில் பெரிய அதிர்ச்சி ஏற்பட்டாலோ, அதன் பி அலை உள் அகணியை ஊடுருவி, ஏறத்தாழ 20 நிமிடங்களில் கண்டிக்கு அருகே பல்லேகலையில் உள்ள அதிர்வுமானியை அடையும்; நேரே புறப்பட்ட எஸ் அலை அங்கே வந்து சேராது.