மொட்டை மாடி ஷீட் கூரைக்கு மிகக் குறைந்த தொகை கேட்பவரிடமே வேலையைக் கொடுக்கலாமா?

தருமபுரியில் உள்ள உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறத்தாழ 600 சதுர அடிக்கு ஷீட் கூரை போட மூவரிடம் கொட்டேஷன் வாங்கியிருப்பதாகவும், மூன்றாமவர் மற்ற இருவரைவிடக் கால் பங்கு குறைவாகச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கால் பங்கு எந்தெந்த இனத்தில் குறைகிறது என்று அவரால் எழுத்தில் காட்ட முடிந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். முடியாவிட்டால் வேண்டாம் என்பதே என் கருத்து. காரிமங்கலம் பக்கம் வசிக்கும் நான், இந்த வேலை நன்றாக நடந்த வீடுகளையும் கெட்டுப்போன வீடுகளையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இரும்புக் குழாயும் ஷீட்டும் இங்குள்ள எல்லாப் பட்டறைக்காரர்களுக்கும் ஏறத்தாழ ஒரே விலையில்தான் கிடைக்கின்றன. வெல்டர் கூலியிலும் பெரிய வேறுபாடு இல்லை. லாபத்தை விட்டுக்கொடுத்துச் சிறிது குறைக்கலாம் என்றாலும், கால் பங்கு குறைக்க வேண்டுமானால் பொருளின் எடையில் கை வைக்காமல் முடியாது. 50-க்கு 50 மில்லிமீட்டர் சதுரக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள 20 அடிக் குழாய் சுமார் 18 கிலோ இருக்கும். அதே அளவில் 1.2 மில்லிமீட்டர் தடிப்புள்ளது சுமார் 11 கிலோதான். பெயின்ட் அடித்துத் தூக்கி நிறுத்திய பிறகு இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. ஆகவே கொட்டேஷனில் குழாயின் அளவோடு தடிப்பையும் எழுதச் சொல்லுங்கள். சரக்கு இறங்கும் நாளில் எடைச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

ஷீட்டிலும் இதே கதைதான். வண்ணம் பூசிய ஷீட்டில் ‘0.50’ மில்லிமீட்டர் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் பூச்சையும் சேர்த்த தடிப்பு. உள்ளே இருக்கும் வெற்று இரும்பு அதைவிடக் குறைவு. 0.35 ஷீட்டைப் போட்டால் ஏறத்தாழ முப்பது விழுக்காடு இரும்பு மிச்சமாகிறது. ஆனால் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ மேலே ஏறுபவரின் கால் பட்ட இடத்தில் அது நசுங்கும், நசுங்கிய இடத்தில் தண்ணீர் தேங்கும். துருவைத் தடுப்பது அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு. ஒரு சதுர மீட்டருக்கு இரு பக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சுள்ள ஷீட்டும் 70 கிராம் பூச்சுள்ள ஷீட்டும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், நிறமும் ஒன்றாகவே இருக்கும். எனவே எந்த நிறுவனத்தின் ஷீட், எத்தனை கிராம் பூச்சு என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, கூரை கட்டடத்தோடு எப்படிப் பிணைக்கப்படுகிறது என்பதுதான். நம் பகுதியில் சித்திரை, வைகாசி மாதக் கோடை மழைக்கு முன்னால் வீசும் காற்று, முற்றிய மாங்காயையும் கிளையையும் ஒரே மாலையில் கீழே தள்ளிவிட்டுப் போகும். மொட்டை மாடிக் கூரையோ நான்கு பக்கமும் திறந்திருப்பது. காற்று அடியில் புகுந்து மேல்நோக்கித் தள்ளுகிறது, அதே நேரத்தில் மேற்பரப்பின் மீது ஓடும் காற்று உறிஞ்சி இழுக்கிறது, இரண்டும் சேர்ந்து ஓரங்களிலும் மூலைகளிலும் மிகுந்த விசையோடு கூரையைத் தூக்கப் பார்க்கின்றன. அந்த விசையைத் தாங்க வேண்டிய தூண்களை, வேலை சுலபம் என்பதற்காகக் கைப்பிடிச் சுவரின் மேல் நிறுத்தி இரண்டு போல்ட் அடித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அரைச் செங்கல் கனமுள்ள அந்தச் சுவர் இதற்காகக் கட்டப்பட்டதே அல்ல. எங்கள் ஊரில் ஒரு வீட்டுக் கூரை அப்படித்தான் செங்கற்களையும் பெயர்த்துக்கொண்டு அடுத்த மனையில் போய் விழுந்தது; அங்கே அப்போது யாரும் இல்லாதது நல்வினைப் பயன். வீட்டுத் தூண்களும் பீம்களும் வரும் இடத்தில், கூரைத் தூணின் அடியில் தகட்டை வைத்து நான்கு ஆங்கர் போல்ட்டுகளால் கான்கிரீட்டில் பிணைப்பதே முறை. தளத்தைத் துளைக்கும்போது அதன் மேல் பதித்த தட்டு ஓடு உடைந்தால் அந்த இடத்தை நீர்க்கசிவு இல்லாமல் அடைத்துத் தருவதும் அவர் பொறுப்பு என்று முன்பே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் கூரை போட்ட பிறகு கீழ் அறை ஒழுகத் தொடங்கும்.

வெல்டிங்கைப் பொறுத்தவரை, இணைப்பைச் சுற்றிலும் முழுமையாகப் பற்றவைக்கிறாரா, ஆங்காங்கே பொட்டு வைத்து நிறுத்துகிறாரா என்று பாருங்கள். பற்றவைத்த இடத்தில் குழாயின் துத்தநாகப் பூச்சு எரிந்துபோவதால், கசடைத் தட்டித் தேய்த்துவிட்டுப் பிரைமர் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடிக்க வேண்டும்; குழாயின் திறந்த முனைகளை மூட வேண்டும். ஸ்க்ரூக்களை ஷீட்டின் பள்ளத்தில் அல்லாமல் மேடான வரியில், ரப்பர் வாஷரோடு போட வேண்டும். ஓரங்களில் நெருக்கமாகப் போட வேண்டும். நீளவாக்கில் ஒரு ஷீட்டின் மேல் இன்னொன்று குறைந்தது 150 மில்லிமீட்டராவது ஏறியிருக்கட்டும். இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம்; அவசரத்தில் வேலை செய்பவர் முதலில் விடுவதும் இவற்றைத்தான்.

பில் வேண்டாம் என்றால் 18 விழுக்காடு வரி மிச்சம் என்று சொல்வார். ஆனால் பின்னால் ஏதேனும் கெட்டுப்போனால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்துக்குப் போக உங்களிடம் காகிதம் இருக்க வேண்டும். அவருடைய ஆட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா, உயரத்தில் நின்று வேலை செய்யப் பாதுகாப்புக் கயிறு வைத்திருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். விபத்து நடந்தால் பேச்சு உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

அதிகம் கேட்பவர் நன்றாகச் செய்வார் என்றும் நான் சொல்லவில்லை, அவரும் 1.2 மில்லிமீட்டர் குழாயைப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பையில் போட்டுக்கொள்ளலாம். எனவே குழாய்த் தடிப்பு, ஷீட் தடிப்பு, பூச்சு, ஆங்கர் போல்ட் ஆகியவற்றை நீங்களே ஒரு தாளில் எழுதி மூவரிடமும் கொடுத்து, அதற்கு மட்டும் புதிதாக விலை கேளுங்கள். முன்பணமாகப் பொருள் வாங்கத் தேவையானதை மட்டும் கொடுத்து, கடைசித் தவணையாகப் பத்து விழுக்காட்டையாவது முதல் பெருமழை வரை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.