நாம் பேசுவது நாய்க்கு உண்மையில் புரியுமா? தப்பு செய்தால் அதற்கே தெரிந்து முகத்தைத் தொங்கப்போடுகிறதே?

தெரியும் என்று நானும் சத்தியம் செய்து சொல்லியிருப்பேன், அந்தப் பால் பாக்கெட் விவகாரம் வரும்வரை.

எங்கள் மணி நாட்டு நாய். தெருவில் குட்டியாகக் கிடந்ததை எடுத்து வந்தோம். ஒருமுறை தொடர்ந்து நாலு நாள், கேட்டில் மாட்டிய பையில் பால் பாக்கெட் கிழிந்திருந்தது. "யாருடா இது?" என்று அதட்டினால் போதும், மணி காதைப் பின்னால் மடக்கி, வாலை ஒடுக்கி, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும். "பாரு, மூஞ்சியே சொல்லுதே" என்பார் அம்மா. ஐந்தாம் நாள் விடியற்காலையில் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தேன். கேட்டின் மேல் உட்கார்ந்து ஒரு காகம் சாவகாசமாகக் கொத்திக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற நாய் ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 14 நாய்கள். தொடாதே என்று சொல்லித் தீனியை வைத்துவிட்டு வளர்ப்பவர் வெளியே போக வேண்டும். திரும்பி வந்தவரிடம், நாய் தின்னாதபோதும் தின்றுவிட்டதாகச் சில தடவை பொய் சொன்னார்கள். அந்தக் குற்றவாளி முகம் திட்டியபோதெல்லாம் வந்தது; தின்றதா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தின்னாமலேயே திட்டு வாங்கிய நாய்கள்தான் கூடுதலாகக் குறுகின. பாவம், எங்கள் மணியும் அந்தக் கட்சி. 'கோபமாக இருக்கிறாய், விட்டுவிடேன்' என்று அது கெஞ்சியதை நாங்கள் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டோம்.

சரி, சொற்கள் புரியுமா? கொஞ்சம் புரியும். புடாபெஸ்ட்டில் 13 நாய்களை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, மூளையைப் படம் பிடித்தார்கள் (2016). பாராட்டுச் சொல்லும் பாராட்டும் தொனியும் சேர்ந்து வந்தபோதுதான் மகிழ்ச்சி சார்ந்த பகுதி நன்றாகத் தூண்டப்பட்டது. வெறும் கொஞ்சலுக்கு அது மயங்கவில்லை.

ஆனால் சொல்லைவிட நம் உடம்பைத்தான் அது அதிகம் படிக்கிறது. மணிக்குக் குளியல் என்றால் எமன். அந்தச் சொல்லையே வீட்டில் தடைசெய்து, 'ஸ்நானம்' என்று மாற்றிப் பார்த்தோம். அப்போதும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பிறகு பிடிபட்டது: அப்பா லுங்கியை மடித்துக் கட்டுவதுதான் அதற்குச் செய்தி.

இது வீட்டு நாய்க்கு மட்டும் உள்ள திறமை என்று நினைக்காதீர்கள். கொல்கத்தாவின் ஐசர் என்ற அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு 160 தெருநாய்களிடம், மூடிய இரண்டு கிண்ணங்களில் ஒன்றைக் கையால் சுட்டிக்காட்டிப் பார்த்தது. ஏறக்குறைய பாதி நாய்கள் கிட்டவே வரவில்லை. வந்தவற்றில் சுமார் 80 சதவீதம் சுட்டிய பக்கம் போயின. யாரும் பழக்காத நாய்கள்!

நம்மை இவ்வளவு கவனிக்கும் பிராணியை நாம்தான் சரியாகப் படிப்பதில்லை. அக்கா மகன் மணியைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுக்கச் சொன்னான். மணி கொட்டாவி விட்டது, தலையைத் திருப்பியது, மூக்கை நக்கியது. "தூக்கம் வருது போல" என்று சிரித்தோம். கண்ணின் வெள்ளை தெரிந்து, உடம்பு விறைத்து, உர்ரென்ற பிறகுதான் பையனை இழுத்தேன். அதுவரை அது நாலு தடவை 'விடு' என்று சொல்லிவிட்டது. வால் ஆடுகிறதே என்று கையை நீட்டுவதும் இதே ரகம்தான். விறைப்பாக உயர்ந்து ஆடும் வால் நட்புக்கு அடையாளம் இல்லை. உறுமினால் அடிக்காதீர்கள். அடி வாங்கிய நாய் உறுமலை விட்டுவிட்டு நேராகக் கடிக்கப் பழகிவிடலாம்.

பால் பைக்கு இப்போது மூடி போட்ட வாளி வைத்துவிட்டோம். லுங்கிக்குத்தான் வழி தெரியவில்லை. "மோட்டார் பார்க்கப் போறேன்டா" என்று அப்பா எத்தனை முறை சொன்னாலும் மணி கட்டிலுக்கு அடியிலிருந்து வருவதாக இல்லை.