ஒரே கூட்டத்தில் சிவப்பும் மஞ்சளும்

கேள்வி: வால்பாறையில் தேயிலைத் தோட்டத்து நிழல் மரங்களின் உச்சியில் ஏழெட்டுக் குருவிகள் கூட்டமாகத் தாவுகின்றன. சிலவற்றுக்குத் தலை கறுப்பு, வயிறு நெருப்பு நிறம்; மற்றவை மஞ்சள். இரண்டும் வேறு வேறு இனமா? படம் எடுத்தால் வெறும் நிழலாகத்தான் விழுகின்றன.
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: இரண்டும் ஒன்றுதான், ஆரஞ்சு மின்சிட்டு. தலையும் முதுகும் கறுத்து, மார்பும் வயிறும் தீக்கங்கு போல இருப்பது ஆண். பெண்ணுக்கு முதுகு சாம்பல் நிறம். நெற்றி, தொண்டை, வயிறு எல்லாம் மஞ்சள். இளம் ஆணும் முதலில் பெண்ணைப் போலவே இருக்கும். நிறம் மாறும் பருவத்தில் மஞ்சளும் செம்மையும் திட்டுத்திட்டாகத் தெரிவதால், அதை மூன்றாவது இனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பலரும் குழம்புவது சிறிய மின்சிட்டு என்ற இன்னோர் இனத்திடம்தான். நிறத்தை மட்டும் நம்பினால் வெயிலில் ஏமாறுவோம். இறக்கையைப் பாருங்கள். ஆரஞ்சு மின்சிட்டுக்கு ஒரு பெரிய பட்டை, அதற்கு உள்பக்கம் தனியே ஒரு சிறு புள்ளி (பெண்ணுக்கு இவை மஞ்சள்). சிறிய மின்சிட்டுக்குப் பட்டை மட்டுமே, அந்தப் புள்ளி கிடையாது. அதன் ஆணுக்குத் தலை கறுப்பல்ல, சாம்பல். மார்பின் ஆரஞ்சு வயிற்றுக்கு வரும்போதே வெளுத்துவிடும். நீளம் சுமார் 16 செ.மீ.; ஆரஞ்சு மின்சிட்டு சுமார் 20 செ.மீ., கொண்டைக்குருவி அளவு. இடமும் துணை செய்யும்: சிறியது முள்காடு, வறண்ட தோப்புகளில் திரியும், மற்றது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளிலும் இலங்கையிலும் வாழ்வது. பழைய கையேடுகளில் ஆரஞ்சு மின்சிட்டை ஸ்கார்லெட் மினிவெட் என்ற பெயரில் தேடுங்கள். அப்போது ஆரஞ்சு மின்சிட்டையும் ஸ்கார்லெட் மினிவெட்டையும் ஒரே இனமாக வைத்திருந்தார்கள்.

மஞ்சள் பறவையின் தலை முழுக்கக் கறுத்து, அலகு இளஞ்சிவப்பாக இருந்தால் அது கருந்தலை மாங்குயில்.

படம் நிழலாக விழுவதற்குக் காரணம் பின்னாலுள்ள வெள்ளை வானம். கேமரா வானத்துக்கு ஏற்ப ஒளியைக் குறைத்துவிடுகிறது. எக்ஸ்போஷரை +1 முதல் +1.5 வரை கூட்டுங்கள். எதிர்ச்சரிவில் ஏறி, உச்சிக்கிளை உங்கள் கண்மட்டத்துக்கு வரும்படி நின்றால் இன்னும் நல்லது. பின்னணி பச்சையாகிவிடும், இறக்கைப் புள்ளியும் தெளிவாகத் தெரியும். இலைகளில் பூச்சி பொறுக்கிக்கொண்டே கூட்டம் அடுத்த மரத்துக்கு நகரும். அதனால் பின்னால் ஓடாமல், அது போகும் திசையில் முன்பே போய்க் காத்திருங்கள். குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு அழைக்க வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் அது இரை தேடலையும் அடைகாப்பதையும் கெடுக்கும்.