பிள்ளையின் சாவுக்குக் காரணமானவனைப் பழிவாங்கும் எண்ணம் போகவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் இருக்கிறீர்களா?

ஐந்து மாதத்துக்கு முன் வீதி விபத்தில் ஆறு வயது மகளை இழந்தேன், அன்று அவளை வெளியே கூட்டிப்போனது நான்தான், இடித்தவன் பிணையில் வந்து ஒன்றும் நடக்காதது போலத் திரிகிறான், அவனை ஏதாவது செய்தால்தான் நித்திரை வரும் போலிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

கடந்து வந்தவன் என்று என்னைச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் நிற்கிற இடத்தில் ஏழெட்டு மாதம் நின்றிருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

நான் திருகோணமலை, அலஸ்தோட்டம். போட் இஞ்சின் திருத்துவது தொழில். 2018 ஓகஸ்ட், பள்ளிக்கூட விடுமுறை. எங்கள் பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை கடல் அடங்கியிருக்கும்; நிலாவெளிக்கு வெள்ளைக்காரர் வரும் காலம். நிலாவெளி வீதியில் வான்கள் பறக்கும். ஒரு பின்னேரம் வளவில் இஞ்சின் ஒன்றைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். கை முழுக்க எண்ணெய். மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் ஆண்டு. சந்திக் கடைக்குப் போய்வரச் சொன்னேன். என் சட்டைப் பைக்குள் அவனே கையை விட்டு நூறு ரூபாவை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனான். திரும்பி வரும்போது ஒரு வான். சாரதியின் கையில் போன்.

அந்தச் சாரதி தப்பி ஓடவில்லை. தன் வானிலேயே பிள்ளையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் நின்றான். சட்டை எல்லாம் இரத்தம். "அண்ணே, நான்தான்" என்றான். பிறகு அவன்மேல் எனக்கு வந்த வெறுப்பில் பாதி இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். என் பிள்ளையைக் கடைசியாகத் தூக்கியது அவன். நான் இல்லை.

அடுத்த நாள் திடீர் மரண விசாரணை. பிள்ளை எதற்காக வீதிக்குப் போனது என்று விசாரணை அதிகாரி கேட்டார். "பாண் வாங்க" என்றேன்.

பாண் இல்லை. எனக்கு ஒரு சிகரெட்.

கடைக்காரரும் பொலிசுக்குப் பாண் என்றே சொல்லியிருந்தார். 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட் விற்பது 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அவருக்கு அவருடைய பயம். நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் கடைப் பக்கம் நான் போகவில்லை, அவரும் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிவிடுவார். இத்தனைக்கும் வழக்குக்கு அது ஒரு சதத்துக்கும் பயனில்லாத விஷயம். பாணுக்குப் போனால் என்ன, சிகரெட்டுக்குப் போனால் என்ன, போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டியவன் ஓட்டியவன்தானே. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் சொன்னதை எல்லாம் நீங்களும் கேட்டிருப்பீர்கள். விதி, நல்ல பிள்ளைகளைத்தான் ஆண்டவன் கூப்பிடுவான், இன்னும் வயது இருக்கிறது இன்னொன்றைப் பெற்றுக்கொள்ளுங்கோ. இந்தக் கடைசி வசனத்தைச் சொன்ன பெரியவர் இப்போது உயிரோடு இல்லை. இருந்தாலும் கோபம் போகவில்லை. கன்னியாவுக்குக் கூட்டிப்போனார்கள். எங்கள் ஊரில் செத்தவர்களுக்குக் கிரியை செய்யப் போகிற இடம் அதுதானே, இராவணன் தாய்க்குக் கடன் செய்ய உண்டாக்கிய ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்று கதை. ஏழிலும் ஏழு விதமான சூடு. பிள்ளை தாய்க்குச் செய்கிற இடத்தில் பிள்ளைக்குத் தகப்பன் என்ன செய்வது? வாளியில் அள்ளித் தலையில் ஊற்றினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வானின் இலக்கத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பின்தொடரத் தொடங்கினேன். அவன் பிணையில் வந்த பிறகு கூலிக்கு ஒரு லொறி ஓட்டினான், எங்கள் ஊருக்குப் பக்கத்து ஆள்தான். எத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறான், எந்த பெற்றோல் செட், மத்தியானம் எங்கே சாப்பிடுகிறான். எழுதி வைக்க ஒரு கொப்பி தேவைப்பட்டது. மகனுடைய பள்ளிக்கூடப் பை ஆணியில் தொங்கியது. அதில் பாதிகூட எழுதி முடியாத தமிழ்க் கொப்பி ஒன்று. முன்பக்கத்தைத் திறக்கப் பயம். அதனால் கடைசி ஒற்றையில் இருந்து தொடங்கி முன்னுக்கு எழுதி வந்தேன். "5.40 வெளிக்கிட்டான். 6.10 எண்ணெய் அடித்தான். சந்தியில் பிளேன்ரீ, கூட ஒருவன்." மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே கொப்பியும், பெரிய ஸ்பனர் ஒன்றும். ஸ்பனர் தொழிலுக்கு என்று யாரும் கேட்டால் சொல்லலாம். யாரும் கேட்கவில்லை.

உண்மையைச் சொன்னால் அந்த மாதங்களில் எனக்கு நல்ல நித்திரை வந்தது. பழி ஒரு வேலை போல. காலையில் எழும்ப ஒரு காரணம் இருக்கும். நீங்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: அவனை நினைத்துக்கொண்டிருந்த எந்த நேரத்திலும் அந்தச் சிகரெட் என் நினைவுக்கு வரவில்லை. ஒரு நாள் அவன் லொறி வராமல் போனால் போதும், பின்னேரம் ஆக அது வந்துவிடும்.

சைவபாடத்தில் படித்த மனுநீதிச் சோழன் கதை அப்போது அடிக்கடி ஓடும். கன்றுக்குட்டி தேரில் அடிபட்டுச் சாகிறது, பசு வந்து மணி அடிக்கிறது, அரசன் தன் மகனைத் தேர்க்காலில் இடுகிறான். பிறகு சிவபெருமான் வந்து எல்லாரையும் எழுப்பிவிடுகிறார். எனக்கு அந்த முடிவு பிடிக்காது. கன்று எழும்பி வராத வீட்டில் அந்தப் பசு மறுநாள் என்ன செய்யும் என்று கதை சொல்வதில்லை.

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள். அவசரகாலச் சட்டம், திரும்பவும் சோதனைச் சாவடிகள். சில நாள் கழித்து, ஒரு காலை, அவன் லொறிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்த என்னை மறித்தார்கள். சீற்றைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு பொடியன் ஸ்பனரை எடுத்துப் பார்த்து வைத்தான். கொப்பியை எடுத்தான். எனக்கு உயிர் போய்விட்டது. ஒரு ஆள் எங்கே எத்தனை மணிக்கு நிற்கிறான் என்று மாதக்கணக்காக எழுதிய கொப்பி, அந்த நேரத்தில், ஒரு தமிழன் கையில். அந்தப் பொடியன் அதை முன்பக்கமாகத் திறந்தான். முதல் பக்கத்தில் மகன் கீறிய போட் ஒன்று. போட்டைவிட இஞ்சின் பெரிது. பொடியன் சிரித்தான். "புத்தாகே பொத்தத?" என்றான். மகனுடைய புத்தகமா என்று சிங்களத்தில். ஓம் என்று தலையாட்டினேன். திருப்பித் தந்துவிட்டுப் போகச் சொன்னான்.

லொறி எந்தப் பக்கம் போனது என்று நான் பார்க்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி, கொப்பியை மேசையில் போட்டுவிட்டுக் கிணற்றடியில் போய் இருந்துவிட்டேன்.

மனைவி கண்டுவிட்டாள். பொலிசைப் பற்றியோ, அவனை நான் என்ன செய்ய நினைத்தேன் என்றோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொப்பியைப் பிடித்துக்கொண்டு வந்து, "பிள்ளையிட கொப்பியில எழுத உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கத்தினாள். "இருபத்தெட்டு ஒற்றை வெறுமையா இருந்தது. நான் எண்ணி வச்சிருந்தனான். இப்ப பத்தொன்பதுதான் இருக்கு." பிள்ளை செத்தபோதுகூட அவள் அப்படிக் கத்தியதில்லை.

அப்போதுதான் சொன்னேன், அண்டைக்கு அவன் போனது பாணுக்கு இல்லை என்று.

"தெரியும்" என்றாள். ஆஸ்பத்திரியில் சொப்பிங் பையில் போட்டுத் தந்த உடுப்புகளைத் தோய்த்தது அவள். காற்சட்டைப் பைக்குள் புகையிலைத் தூள். முதல் நாளே தெரிந்திருக்கிறது. ஏன் கேட்கவில்லை என்றதற்கு, "கேட்டால் நீங்களும் போயிடுவீங்கள் எண்டு பயம்" என்றாள். ஒன்பது மாதம் ஒரே பாயில் படுத்து, ஒரே விஷயத்தை இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் மறைத்திருக்கிறோம்.

இதோடு முடியவில்லை. எனக்கு ஒரு மகள், அப்போது பதின்மூன்று. தம்பி போன பிறகு வீட்டில் சத்தமே இல்லாத பிள்ளை ஆகிவிட்டாள். துக்கம்தானே என்று விட்டுவிட்டோம். நாங்கள் பேசியதை உள்ளே இருந்து கேட்டிருக்கிறாள். இரண்டு நாள் கழித்து வந்து, "அப்பா, நீங்க முதல் என்னைத்தான் கடைக்குக் கூப்பிட்டீங்கள். ரியூஷன் வேலை இருக்கு எண்டு நான் பொய் சொன்னனான். டிவி பார்த்துக்கொண்டிருந்தனான்" என்றாள். எனக்கு அவளைக் கூப்பிட்டது ஞாபகமே இல்லை. ஒரு சிகரெட்டை நான் பாண் ஆக்கியதால், அந்தப் பிள்ளை தான்தான் கொலைகாரி என்று ஒன்பது மாதம் தனியே சுமந்திருக்கிறாள். அவன்மேல் கண் வைத்துக்கொண்டிருந்த எனக்கு, என் வீட்டுக்குள் இருந்தவள் தெரியவில்லை.

உங்கள் கேள்வியில் மனைவியைப் பற்றி, மற்றப் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரித்தேன்.

நீதி வேண்டாம் என்று சொல்கிறேன் என நினைக்காதீர்கள். எங்கள் ஊர்க்காரன் அப்படிச் சொல்ல முடியாது. 2006 ஜனவரி 2 ஆம் திகதி கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐந்து மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். 2019 ஜூலையில் சந்தேகநபர்கள் 13 பேரும், போதிய சாட்சியம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். அந்த நீதிமன்றத்தில்தான் எங்கள் தவணைகளும். அந்தத் தகப்பன்மாருக்கு முன்னால் வந்து "நான்தான்" என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு ஒருவன் சொன்னான், முதல் நிமிடத்திலேயே. அது கொலை, இது கவனயீனம். இரண்டையும் நான் ஒரே தராசில் போட்டு, ஒரே விலை கேட்டுக்கொண்டிருந்தேன். உங்களுடையது எந்த வகை என்று எனக்குத் தெரியாது. நீங்கள் நிதானமாக யோசிக்க வேண்டும்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. நீங்கள் எந்த நாடு என்று எழுதவில்லை. இலங்கை என்றால், கவனயீனத்தால் மரணம் விளைவிப்பது தண்டனைச் சட்டக்கோவை 298 ஆம் பிரிவு, ஐந்து வருடம் வரை சிறை. பெரும்பாலும் அவ்வளவு கிடைக்காது. எங்கள் வழக்கு கொரோனாவில் இழுபட்டு, 2021 இல் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டப்பணம், ஒத்திவைத்த சிறை, அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தம் என்று முடிந்தது. வெளியே வந்து பிளேன்ரீ குடித்தேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை. முன்பெல்லாம் பிள்ளையைப் பறிகொடுத்த வேதனைக்கு நட்டஈடு கேட்கவே இங்கே சட்டத்தில் இடமில்லை. 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம்தான் அதற்கு வழி விட்டது. காசு வேண்டாம் என்று நாங்கள் போகவில்லை. நீங்கள் போவதென்றால் காலம் கடத்தாமல் சட்டத்தரணியைப் பாருங்கள். தவணைக்குத் தனியே போகாதீர்கள், கோபம் வராத ஒரு ஆளைக் கூட்டிப்போங்கள். எனக்கு மச்சான் வந்தார். ஒருமுறை அவன் செலவுக்கு என்று என்வலப் ஒன்றை நீட்டியபோது என் கையைப் பிடித்தது அவர்தான்.

அவனுடைய வீட்டுப் பக்கம், வேலைப் பக்கம் போகவே போகாதீர்கள். போகாமல் இருக்க முடியவில்லை என்றால் வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை, மகளைக் கூட்டிக்கொண்டு நான் போய் வரிசையில் நின்றேன். இரவில் தாங்காவிட்டால், இலங்கையில் மனநல உதவிக்கான தொலைபேசி இலக்கம் 1926, இருபத்து நான்கு மணித்தியாலமும் எடுக்கலாம். முக்கியமாக, விசாரணையில் சொல்லாத ஏதாவது உங்களிடம் இருந்தால் வீட்டில் சொல்லிவிடுங்கள். இருக்கும் என்று நினைக்கிறேன். "கூட்டிப்போனது நான்தான்" என்று நீங்கள் எழுதிய வசனம் பாதியில் நிற்கிறது.

மன்னித்துவிட்டேனா என்று கேட்க வேண்டாம். அவனை வீதியில் கண்டால் இப்போதும் வயிறு இறுகும். சிகரெட் விட்டுவிட்டேன், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, மணம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

போன வருடம் மனைவி அலுமாரியில் இருந்து அந்தக் கொப்பியை எடுத்து, நான் எழுதிய ஒன்பது ஒற்றையையும் கிழித்துத் தரச் சொன்னாள். பிளேட்டை எடுத்துக்கொண்டு இருந்தேன். நடுவில் நூல் போட்டுத் தைத்த கொப்பி. கடைசி ஒற்றையும் முதல் ஒற்றையும் ஒரே தாள். கடைசியில் என் கையெழுத்தில் வானின் இலக்கம். முதலில் அவன் கீறிய போட், அதற்குக் கீழே "எனது அப்பா இங்சின் திருத்துவார்", பிழைக்கு ரீச்சர் போட்ட சிவப்பு வட்டம். ஒன்றை இழுத்தால் மற்றது கழன்று வரும். பிளேட்டை வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கொப்பியை மூடி அலுமாரிக்குள் வைத்துவிட்டாள்.