தம்பியை இல்லத்தில் சேர்க்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: பாபநாசம் வட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். என் தம்பிக்கு 36 வயது. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு, வலிப்பும் உண்டு. பேச்சு சில சொற்கள்தான். வயிறு வலித்தால் சொல்லத் தெரியாது, காதைப் பிடித்து இழுத்துக்கொள்வான். அவனைப் பார்த்துக்கொண்ட அம்மா சென்ற தை மாதம் காலமாகிவிட்டார். எனக்கு 58 வயது, மூட்டுவலியோடு அவனைக் குளிப்பாட்டக்கூட முடியவில்லை. கும்பகோணம் பக்கம் ஒரு தனியார் இல்லத்தைச் சொல்கிறார்கள். பதிவுச் சான்றிதழ் இருக்கிறது, கட்டடமும் புதிது. மாதத்தில் இரண்டாம் ஞாயிறு மட்டும் முன்கூடத்தில் வந்து பார்க்கலாம், உள்ளே வந்தால் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, தாயை இழந்த துயரத்தின் நடுவிலும் தம்பிக்கு இனி என்ன வழி என்று யோசித்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் சான்றிதழையும் புதுக் கட்டடத்தையும் விட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அந்த இரண்டாம் ஞாயிறு நிபந்தனைதான். அதை அவர்கள் தளர்த்தாத வரை தம்பியை அங்கே சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி இத்தகைய இல்லத்தைப் பதிவு பெற்றே நடத்த வேண்டும். சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்கவும் வேண்டும். அது செல்லுபடியாகும் காலம் முடிந்துவிட்டதா, பகல்நேரப் பள்ளிக்காகப் பெற்றதா, பெரியவர்கள் தங்கும் இல்லத்துக்காகப் பெற்றதா என்று நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் தஞ்சாவூரில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கேட்டுத் தெளியலாம். ஆனால் ஆய்வுக்கு வந்த நாளில் அந்த இடம் எப்படி இருந்தது என்பதற்கு மேல் சான்றிதழால் எதையும் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனை, அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களுக்காகப் பதிவும் ஆய்வும் பெற்றுத்தான் நடந்துவந்தது. 2011இல் பிபிசி மறைவாக எடுத்த படம் ஒளிபரப்பான பிறகே, ஊழியர்கள் அங்கிருந்தவர்களை அடித்ததும் தரையில் போட்டு அமுக்கியதும் வெளியே தெரிந்தது. 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள். உறவினர்களைப் படுக்கையறைப் பக்கம் விடாமலே வைத்திருந்தார்கள் என்பது பின்னர் நடந்த விசாரணையில் பதிவானது. தம்பி எங்கே தூங்குகிறான், எங்கே குளிக்கிறான் என்பதை நீங்கள் நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க முடிய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எந்த இல்லமானாலும் குறைந்தது மூன்று முறை, சொல்லாமல் போய்ப் பாருங்கள். அதில் ஒரு முறை இரவுச் சாப்பாட்டு நேரமாக இருக்கட்டும். சில ஆண்டுகளுக்கு முன் டெல்டாவில் ஒரு இல்லத்தில் நான் பார்த்த காட்சி இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. ஆறு பேரைச் சுவரோரம் உட்காரவைத்து, ஒரே ஆயா ஒரே கரண்டியால் ரசம் சாதத்தை வரிசையாக ஊட்டிக்கொண்டு போனார். கடைசியில் இருந்தவரின் தலை அண்ணாந்திருந்தது, முந்தைய வாய் விழுங்கப்படும் முன்பே அடுத்த கரண்டி வந்துவிட்டது. அந்த அம்மாள் இரக்கமற்றவர் இல்லை, ஆறு பேருக்கு அவர் ஒருவர்தான் இருந்தார். அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்கள் பலருக்கு விழுங்குவதில் சிரமம் உண்டு. உணவு தொண்டையை அடைத்தோ நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகியோ உயிர் போவது அபூர்வம் அன்று. முதுகு நிமிர்ந்து, தாடை சற்றே கீழிறங்கி, விழுங்கி முடிக்கும்வரை காத்திருந்து ஊட்டுகிறார்களா என்பதைப் பார்த்தாலே அந்த இல்லத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது வலிப்பு. பகலிலும் இரவிலும் பொறுப்பில் இருப்பவரைத் தனித்தனியே அழைத்து, வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், நேரம் பார்த்து, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழைப்போம் என்று சொன்னால் நல்லது. கையில் சாவிக்கொத்தைத் திணிப்போம் என்று சொன்னால் அங்கே யாரும் பயிற்சி பெறவில்லை என்று பொருள். வலிப்புள்ளவர் தனியாகத் தாழிட்டுக்கொண்டு குளிக்கக் கூடாது. ஸ்டூலில் உட்கார்ந்து வாளித் தண்ணீரில், ஆள் பக்கத்தில் இருக்கக் குளிக்கலாம். மேட்டூர் திறந்து வாய்க்கால்களில் தண்ணீர் ஓடும் மாதங்களில் வேலியும் வாசல் கதவும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். மாத்திரையை யார் கொடுத்தார், எத்தனை மணிக்கு என்று கையெழுத்திட்ட ஏடு வேண்டும். மலம் கழித்த நாளைக் குறிக்கிறார்களா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். சொல்லத் தெரியாதவருக்கு மலச்சிக்கல் உயிருக்கே ஆபத்தாக முடிவதுண்டு. தொந்தரவு செய்கிறான் என்பதற்காக மயக்க மாத்திரை கூட்டப்பட்டால், எந்த மருத்துவர், எந்தக் காரணத்துக்காக எழுதினார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தீயைப் பற்றிக் கும்பகோணத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று பள்ளிச் சமையலறைக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகளை இழந்த ஊர் அது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை எரிந்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். ஆகவே சமையலறைக்கு மேல் கீற்று இருக்கிறதா, இரவில் கிரில் கதவைப் பூட்டுகிறார்களா, சாவி யாரிடம், விழித்திருப்பவர் எத்தனை பேர் என்று கேட்டு, நீங்களே மாடிப்படி இறங்கிப் பாருங்கள். கஜா புயலில் மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்களை நினைத்து, மருந்து எத்தனை நாளுக்குக் கையிருப்பில் உள்ளது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொத்து விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். தம்பியின் பங்கு நிலத்தை இல்லத்தின் பெயருக்கு எழுதினால் ஆயுள் முழுதும் பார்த்துக்கொள்வோம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன் கீழ் ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து, நீங்களோ உங்கள் குடும்பத்தில் ஒருவரோ சட்டபூர்வப் பாதுகாவலர் ஆகலாம். பாதுகாவலர் ஆண்டுதோறும் சொத்துக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தவறினாலோ துன்புறுத்தினாலோ அவரை நீக்கவும் வழி உண்டு. சேர்த்த பிறகு ஏதேனும் கொடுமை நடப்பதாக நம்பக் காரணம் இருந்தால், வட்டாட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ, நிர்வாக நடுவர் என்ற முறையில், தகவல் கொடுக்கலாம். பொறுப்பில் இருப்பவர் வேண்டுமென்றே சோறோ தண்ணீரோ மறுத்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

அந்த இல்லம் கதவைத் திறக்க மறுத்தால் வேறு இடம் தேடும்வரை, பகல்நேர மையமும், குளிப்பாட்ட வீட்டுக்கு வரும் ஆண் உதவியாளரும் போதுமா என்று யோசியுங்கள். எங்கே சேர்ப்பதானாலும் முதலில் ஒரு பகல் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் விடுங்கள். அவன் யார் பக்கத்தில் போய் உட்காருகிறான், யாரைக் கண்டு ஒதுங்குகிறான் என்பதும் ஒரு பதில்தான்.

இந்த வாரமே ஒரு முழுத்தாளில் தம்பியைப் பற்றி எழுதத் தொடங்குங்கள். காதை இழுத்தால் வயிற்றுவலி என்பது முதல் வரியாக இருக்கட்டும். எந்தத் தட்டில் சாப்பிடுவான், இருட்டைக் கண்டு பயப்படுவானா, வலிப்புக்கு முன் முகம் எப்படி மாறும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தவற்றில் உங்களுக்கு நினைவிருப்பதை எழுதி, விட்டுப்போனதை அம்மாவோடு பழகிய அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு படியை அலுவலகத்தில் கொடுங்கள். இன்னொன்றை, இரவில் அவன் கட்டில் அருகே இருக்கப்போகிறவர் கையில் கொடுத்து, அவர் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள்.