பார்வை நாற்பதாயிரம், பாட்டில் ஆறு

கேள்வி: தேனீப் பெட்டி வைத்துப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. என் தங்கை இன்ஸ்டாகிராமில் பக்கம் நடத்துகிறாள். தேனெடுக்கும் ரீல்ஸ் ஒன்றை 40,000 பேர் பார்த்தும், ஆறு பாட்டில்களுக்குத்தான் ஆர்டர் வந்தது. எந்த எண்ணை நம்புவது?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: 40,000 என்பது ஆட்களின் கணக்கு அன்று. ஒருவரே மூன்று முறை ஓடவிட்டால் வியூஸ் மூன்றாக ஏறும். எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பதை ரீச்தான் சொல்லும். யூடியூப் ஷார்ட்ஸிலும் 2025 மார்ச் 31 முதல், காணொளி ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ என்று கணக்கிடுகிறார்கள். பின்தொடர்பவர் எண்ணிக்கையை மாதம் ஒரு முறை பார்த்தால் போதும்; அது ஊர்ப் பெருமைக்கு உதவும், உலை கொதிக்க உதவாது.

பிறருக்கு அனுப்பியவர்கள், சேமித்து வைத்தவர்கள் ஆகிய இரண்டையும் ரீச்சோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதியவர்களிடம் ஒரு பதிவைக் கொண்டு செல்வதில், விருப்பக் குறியைவிடப் பிறருக்கு அனுப்பப்படுவதற்கே கூடுதல் மதிப்பு என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரியே 2025 தொடக்கத்தில் கூறியிருக்கிறார். எடுத்துக்காட்டாக, ரப்பர்த் தோட்டத்துத் தேன் விரைவில் உறையும். அது கலப்படமா என்ற ஐயம் வாங்குபவர்களுக்கு உண்டு. அதை விளக்கும் காணொளி 3,000 பேரை மட்டுமே அடைந்து, அவர்களில் 90 பேர் சேமித்தால் அது நூற்றுக்கு மூன்று. 25,000 பேரை அடைந்தும் 100 பேரே சேமித்த அழகுக் காட்சியைவிட இதுவே உங்களுக்குப் பயன்படும்.

அடுத்து, பார்வையாளர்களின் ஊர். தொழில்முறைக் கணக்காக இருந்தால் இன்சைட்ஸ் என்னும் புள்ளிவிவரப் பகுதியில் இது தெரியும். களியக்காவிளைக்கு அப்பால் நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் என்று பட்டியல் நீண்டால், காணொளியில் இரண்டு வரி மலையாளமும் சேர்க்கச் சொல்லுங்கள். எல்லையோரத்தில் வளர்ந்த தங்கைக்கு அது கடினமாக இராது.

உங்களுக்கு மிகவும் தேவையான கணக்கோ இன்ஸ்டாகிராமில் இல்லை. விசாரித்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பணம் செலுத்தியவர்கள் எத்தனை பேர் என்பதை வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் இட்டோ, ஒரு நோட்டில் எழுதியோ வாருங்கள். விசாரித்ததே ஏழெட்டுப் பேர் என்றால் ரீல்ஸை மாற்ற வேண்டும். முப்பது பேர் விசாரித்து ஆறு பேரே வாங்கினார்கள் என்றால் குறை ரீல்ஸில் இல்லை. கூரியர் கட்டணத்தை முதலிலேயே சொல்கிறீர்களா, காலையில் கேட்டவருக்கு இரவில்தான் பதில் போகிறதா என்று தங்கையின் கைபேசியைத் திறந்து பாருங்கள்.