கரைந்த செதிலும் காசு கேட்கும் ஏஜென்ட்டும்

கேள்வி: அடுக்கடுக்காக உரியும் காந்தப் பொருளான குரோமியம் ட்ரை அயோடைடு படிகத்தை டேப்பால் உரித்து சிலிக்கான் வில்லையில் ஒட்டினேன். நுண்ணோக்கியில் மெல்லிய செதில்கள் தெரிந்தன. பத்தே நிமிடத்தில் துளித்துளியாகக் கரைந்துவிட்டன. தப்பிய ஒன்றை, மிக நுண்ணிய காந்தத்தையும் அளக்கும் ஸ்குவிட் கருவியில் அளந்து அறிக்கையும் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். கொடுக்கலாமா? (ஓர் ஆய்வு மாணவி)

பதில்: கொடுக்காதீர்கள்.

பத்து மைக்ரான் சதுர ஓரடுக்குச் செதிலின் (படிகத்தின் ஒரே ஓர் அடுக்கு) காந்தத் திறன், ஸ்குவிட் உணரக்கூடிய அளவில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அடியில் இருக்கும் சிலிக்கான் புலத்துக்கு எதிராகக் காட்டும் காந்தம் மட்டுமே அதைப்போல் பத்து லட்சம் மடங்குக்கு மேல் வரும். பிறகு ஏஜென்ட்டின் அறிக்கையில் அழகான வளைகோடு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் எஃகு இடுக்கியிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகளிலிருந்து! அறை வெப்பநிலையிலேயே உங்கள் செதில் காந்தமாக இருக்கிறது என்று யாராவது காட்டினால், முதலில் இடுக்கியைப் பிளாஸ்டிக்குக்கு மாற்றுங்கள். இந்த ஒரு துகளை நம்பி எழுதிய ஆய்வேடுகளை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

2017-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஷியாவ்டாங் ஷூ குழுவும் எம்.ஐ.டி.யின் பப்லோ ஹரீயோ-ஹெரேரோ குழுவும் இந்தப் பொருளின் ஓரடுக்கும் காந்தமே என்று நிறுவியது லேசர் ஒளியால். காந்தத்தில் பட்டு எதிரொளிக்கும் ஒளியின் அதிர்வுத் தளம் ஒரு துளி சுழலும். அதுதான் கெர் விளைவு. ஓரடுக்குக்கு 45 கெல்வினுக்குக் கீழே குளிர்விக்க வேண்டும். ஈரடுக்கில் ஒன்றும் தெரியாவிட்டால் பதறாதீர்கள். இரண்டு அடுக்கும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சுமார் 0.65 டெஸ்லா காந்தப் புலத்தில் ஒரே பக்கம் திரும்பும்.

கரைந்ததற்கு டேப்பைத் திட்ட வேண்டாம். காற்றின் ஈரமும் நுண்ணோக்கி விளக்கின் வெளிச்சமும் சேர்ந்து செய்த வேலை அது. உரிப்பது, தேடுவது, மேலும் கீழும் காற்றுப் படாமல் போரான் நைட்ரைடு மென்தாள் போர்த்துவது எல்லாமே கிளவ் பாக்ஸுக்குள் (மந்த வாயு நிரப்பி, கையுறை வழியே வேலை செய்யும் மூடிய பெட்டி), ஆக்சிஜனும் ஈரமும் ஒரு பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே இருக்கும்போது நடக்க வேண்டும். பெட்டி திறப்பு விழாவுக்குச் சால்வை வாங்கப் பணம் இருக்கும். ஆர்கான் சிலிண்டர் மாற்ற மட்டும் கோப்பு மூன்று மேசை சுற்றும். படிகமும் அப்படித்தான்: மூன்று கொட்டேஷனில் மலிவானதற்கே கையெழுத்து. அது சாதாரண பிளாஸ்டிக் உறையில் வந்து சேரும்போதே ஓரம் கசிந்திருக்கும். மந்த வாயு நிரப்பி மூடிய குப்பியில் அனுப்பாதவரிடம் வாங்கவே வேண்டாம்.

கிளவ் பாக்ஸே இல்லையென்றால்? ஒரு விலக்கு உண்டு, குரோமியம் சல்ஃபைடு புரோமைடு. காற்றில் தாங்கும். உரிக்காத கட்டிப் படிகம் 132 கெல்வினிலும், ஓரடுக்கு சுமார் 146 கெல்வினிலும் காந்த ஒழுங்குக்கு வந்துவிடும். ஆகவே குளிர்விக்கத் திரவ ஹீலியத்துக்கு அலைய வேண்டாம், 77 கெல்வின் திரவ நைட்ரஜனே போதும். ஆனால் இதில் காந்தத்தின் திசை செதிலின் தளத்திலேயே படுத்திருக்கும், நிமிர்ந்து நிற்காது. செங்குத்தாக ஒளி விழும் வழக்கமான கெர் அமைப்பில் வைத்துவிட்டு "காந்தமே இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். மின்தடை புலத்தோடு மாறுவதையோ, செதில் உமிழும் ஒளியின் நிறம் நகர்வதையோ பாருங்கள். செதில்கள் நீள நீளமாக உரியும். அந்த நீளவாக்கு படிகத்தின் ஏ அச்சு. காந்தம் விரும்பிப் படுப்பது அதற்குக் குறுக்கே, பி அச்சில். புலத்தை முதலில் அந்தத் திசையில் கொடுங்கள்.